பாதிக் கட்டு: ஒரு தபால் வித்தையின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியிலிருந்து சித்தப்பா அனுப்பிய கவரைப் பிரித்தேன். உள்ளே, நான் அவருக்குத் தபாலில் அனுப்பியிருந்த கட்டிலிருந்து 28 சீட்டு, ரப்பர் பேண்டு போட்டு. கடிதம் ஒன்றும் இல்லை. அவர் மனத்தில் வைத்திருக்கும் சீட்டு எது என்று அன்று இரவுக்குள் நான் போன் செய்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. மீதிச் சீட்டெல்லாம் அவரிடம். நினைத்த சீட்டு எனக்கு வந்த 28-இல் இருக்கிறதா, அவரிடமே நின்றுவிட்டதா என்பதையும் அவர் சொல்லமாட்டார்.

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "டைமன் 6."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இல்லடா தம்பி. கிளாவர் ராணி" என்றார். தோற்றதுகூடப் பரவாயில்லை, அந்தக் குரலில் இருந்த இரக்கம்தான் தாங்கவில்லை.

மேஜிக்கைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஆகிறது. கல்யாண வீட்டில் காசு கை நழுவி விழுந்திருக்கிறது, பிறந்தநாள் விழாவில் ஒளித்த பந்து சட்டைக்குள்ளிருந்து உருண்டு வெளியே வந்திருக்கிறது. அந்தத் தோல்விகளுக்கெல்லாம் காரணம் தேடவே வேண்டாம்: விரல் பழகவில்லை, அவ்வளவுதான். இந்த வித்தையில் விரலுக்கு வேலையே கிடையாது. நான் இருப்பது மதுரையில், சீட்டு இருந்தது காரைக்குடியில். தொடாமலேயே தோற்றேன் என்பதால்தான் இதை உட்கார்ந்து ஆராய வேண்டியதாயிற்று.

கோழிப் பண்ணையிலிருந்து வந்த வித்தை

இதை உருவாக்கியவர் சார்லஸ் ஜோர்டன், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெட்டலூமா பக்கம் கோழிப் பண்ணை வைத்திருந்தவர். பெட்டலூமா அன்றைக்கு முட்டைக்குப் பேர்போன ஊர். உலகத்தின் முட்டைக்கூடை என்றே தன்னை அழைத்துக்கொண்டது. ஜோர்டன் மேடை ஏறிப் பிழைத்த வித்தைக்காரர் அல்லர். பண்ணை வேலை போக மிச்ச நேரத்தில் பெரிய பெரிய ரேடியோக்களைக் கட்டுவார், பத்திரிகைப் புதிர்ப் போட்டிகளில் பரிசு வாங்குவார், சீட்டு வித்தைகளை யோசித்து அச்சடித்துத் தபாலில் விற்பார். நம்மைப் போன்ற ஓய்வுநேர ஆசாமி என்று சொல்லிக்கொள்ளலாம். மூளையில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்.

1916 மே மாதம், வித்தைக்காரர்களுக்காக வந்துகொண்டிருந்த 'த ஸ்பிங்க்ஸ்' பத்திரிகையில் அவர் ஒரு விளம்பரம் கொடுத்தார். சாதாரணச் சீட்டுக்கட்டு ஒன்றை யாருக்கு வேண்டுமானாலும் தபாலில் அனுப்புங்கள். அவர் கலைத்து ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்து, மறுபடி கலைத்து, பாதிக் கட்டை மட்டும் திருப்பி அனுப்பட்டும். அதில் தன் சீட்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டாம். அடுத்த தபாலில் அந்தச் சீட்டின் பெயரை நீங்கள் எழுதி அனுப்பிவிடலாம். ரகசியத்தின் விலை இரண்டரை டாலர்.

கீழே ஒரு குறிப்பும் இருந்தது. முதலில் 50 சென்ட் அனுப்பினால் ஜோர்டன் உங்களுக்கே அந்த வித்தையைச் செய்து காட்டுவார். அதன் பிறகும் ரகசியம் வேண்டும் என்று தோன்றினால் பாக்கி இரண்டு டாலரை அனுப்பலாம்.

இந்தக் குறிப்பை நான் முதலில் படித்தபோது வியாபாரத் தந்திரம் என்று கடந்து போய்விட்டேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ரகசியத்தை இங்கே சொல்லத்தான் போகிறேன். அச்சில் வந்து பல காலம் ஆன விஷயம். கணித அறிஞர்களான பெர்சி டயகோனிஸும் ரான் கிரஹமும் வித்தைக் கணிதம் பற்றி எழுதிய நூலில் விரிவாகவே இருக்கிறது.

கட்டு பார்வைக்குத்தான் சாதாரணம். சீட்டுகள் அனுப்புகிறவருக்குத் தெரிந்த வரிசையில் இருக்கும். கலைத்தால் வரிசை போய்விடுமே என்றுதான் எல்லோரும் நினைப்போம். போவதில்லை. 16 சீட்டில் செய்து பாருங்கள். 1 முதல் 16 வரை எண் எழுதிய துண்டுக் காகிதம் போதும்.

கட்டை இரண்டாக வெட்டுகிறோம்: ஒரு கையில் 1 முதல் 8, மறு கையில் 9 முதல் 16. இரண்டையும் கோத்துக் கலைக்கிறோம். கிளப்புகளில் சரசரவென்று இரண்டு பாதியின் ஓரங்களையும் பின்னிவிடுவார்களே, அப்படி. விழுந்த வரிசை இது என்று வைத்துக்கொள்வோம்:

1, 2, 9, 3, 4, 10, 5, 11, 6, 12, 13, 7, 14, 15, 8, 16

கலைந்த மாதிரிதான் தெரியும். ஆனால் 1 முதல் 8 வரையுள்ள எண்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள், அவை இன்னமும் ஏறுவரிசையில்தான் நிற்கின்றன. 9 முதல் 16-ம் அப்படியே. எவ்வளவு தாறுமாறாகக் கோத்தாலும், ஒரு தடவை கோத்தால் இரண்டு ஏறுவரிசைக்கு மேல் உண்டாக வழியில்லை.

இப்போது இதை நடுவில் வெட்டுவோம். மேல் எட்டில் இருப்பவை 1, 2, 3, 4, 5. அப்புறம் 9, 10, 11. கீழ் எட்டில் 6, 7, 8. 12 முதல் 16. ஒவ்வொரு பாதியும் தொடர்ச்சியான இரண்டு துண்டு. கீழ்ப்பாதியின் நடுவிலிருந்து 14-ஐ எடுத்துப் பார்த்து மேல்பாதிக்குள் செருகுகிறீர்கள். அந்தப் பாதி என் கைக்கு வந்தால் நான் எண்வாரியாக அடுக்குவேன். 1-5 ஒரு துண்டு, 9-11 ஒரு துண்டு, 14 தனியாக நிற்கும். மற்றப் பாதியை அனுப்பியிருந்தால் 12, 13-க்கும் 15, 16-க்கும் நடுவே பல் விழுந்த மாதிரி ஓட்டை இருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடுத்தது. பாதியைப் பிரித்த பிறகு அதை எவ்வளவு வேண்டுமானாலும் கலைக்கலாம். தரையில் கொட்டி அளையலாம். எனக்குத் தேவை எந்தெந்தச் சீட்டு உள்ளே இருக்கிறது என்பது மட்டும், எந்த வரிசையில் என்பது அல்ல. பார்க்கிறவர் முழு மனதோடு கலைக்கும் அந்தக் கடைசிக் கலைப்புதான் அவரை ஏமாற்றுகிறது. எல்லாத் தடயத்தையும் அழித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு கவரை ஒட்டுவார்.

ஓர் எச்சரிக்கை உண்டு. 14-க்குப் பதிலாக 12-ஐ எடுத்திருந்தால் அது 9, 10, 11-க்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும். அதனால்தான் 'நடுவிலிருந்து எடுக்கவும்' என்கிறோம்.

52 சீட்டுக்கு 1 முதல் 52 என்று எண் எழுத முடியாது. நான் வைத்த வரிசை வித்தைக்காரர்களிடையே சை ஸ்டெப்பின்ஸ் வரிசை என்று புழங்குவது. ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்றைக் கூட்டினால் அடுத்தது. இனம் கிளாவர், ஆட்டின், இஸ்பேட், டைமன் என்று சுற்றி வரும். கிளாவர் ஆசு, ஆட்டின் 4, இஸ்பேட் 7, டைமன் 10, கிளாவர் ராஜா, ஆட்டின் 3 என்று போய் 52-ஆவதாக டைமன் ஜாக்கி வரும். அதோடு மூன்று கூட்டினால் மறுபடி கிளாவர் ஆசு. வளையம் என்பதால் எத்தனை முறை வெட்டினாலும் கெடாது. ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். ஒரே குறை, கருப்பும் சிவப்பும் மாறி மாறி வரும். கலைப்பதற்கு முன்னால் யாராவது விரித்துப் பார்த்தால் உறுத்தலாம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

'நன்றாக' என்ற சொல்

சித்தப்பாவுக்கு அனுப்பிய கடிதத்தில் நான்கு வரிதான் எழுதியிருந்தேன். கட்டை நன்றாகக் கலைக்கவும். இரண்டாக வெட்டவும். ஒரு பாதியின் நடுவிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, மற்றப் பாதியின் நடுவில் செருகவும். ஏதாவது ஒரு பாதியை மறுபடி கலைத்து அனுப்பவும்.

வந்த 28 சீட்டையும் கூடத்துத் தரையில் வரிசைப்படி பரப்பினேன். இரண்டு துண்டும் ஓர் ஒற்றைச் சீட்டும் வர வேண்டிய இடத்தில் ஒன்பது துண்டு வந்தது. அதில் தனியாக நின்றவை மட்டும் நான்கு. ஒரே ஒரு சீட்டு விடுபட்ட ஓட்டைகள் மூன்று. ஆக ஏழு சந்தேக நபர்கள். டைமன் 6 என்றது வெறும் குருட்டடி. கிளாவர் ராணி அந்த மூன்று ஓட்டைகளில் ஒன்று என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவர் கலைப்பதை உற்றுப் பார்த்தேன். சித்தப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாயங்காலம் ஆனால் ரம்மி. கட்டை இடது கையில் வைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாக உருவுவார். ஒரு கொத்து முன்னால் விழும், அடுத்தது பின்னால், அதற்கடுத்தது முன்னால். கண் எதிராளியின் முகத்தில் இருக்கும், கை பாட்டுக்கு ஓடும். பத்து சுற்றாவது போடாமல் கட்டைக் கீழே வைக்கமாட்டார்.

ஜோர்டனின் வித்தை நின்றது கோத்துக் கலைப்பதன்மேல். அமெரிக்காவில் சீட்டு பிடித்தவர்கள் கட்டை எடுத்தால் இயல்பாகச் செய்வது அது. நம் வீடுகளில் அது சினிமாவில் சூதாடிகள் செய்கிற ஸ்டைல். மேலைநாட்டு வித்தைப் புத்தகங்களில் 'ஹிந்து ஷஃபிள்' என்று ஒரு முறையைத் தனியாகச் சொல்லித் தருவார்கள்: கட்டின் நீளவாட்டத்தைப் பிடித்து, மேலிருந்து கொத்துக் கொத்தாக உள்ளங்கையில் இழுத்துப் போடுவது. நமக்கு அதற்குப் பெயர்கூடக் கிடையாது. சீட்டைக் கலைப்பது என்றாலே அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், கொத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கம் போடுகிற கலைப்பாக இருந்தால் நான் ஏறக்குறையத் தப்பித்திருப்பேன். ஒரு சுற்று அப்படிப் போட்டால் கொத்துகளின் முறை தலைகீழாகும், ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கொத்துகள் பக்கத்திலேயே இருக்கும். நடுவில் வெட்டினால் பாதி அதிகம் போனால் இரண்டு துண்டாகவே வரும். சித்தப்பாவின் முன்னும் பின்னுமான ஆட்டம்தான் கெடுத்தது. அது ஒன்றுவிட்ட ஒன்றாகக் கொத்துகளைப் பிரித்து இரு கரையில் சேர்க்கிறது. இரண்டு சுற்றில் துண்டுகள் பெருகும், பத்துச் சுற்றில் பொடியாகிவிடும்.

நான் புத்தகத்தில் படித்தது ரகசியத்தை. அந்த ரகசியம் யாருடைய கையை நம்பி எழுதப்பட்டது என்பதைப் படிக்கவில்லை. 'நன்றாக' என்று எழுதினேன், ரம்மி ஆடுகிறவர் நன்றாகவே கலைத்துவிட்டார்.

எத்தனை தடவை கலைத்தால் நிஜமாகக் கலையும்?

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

ஜோர்டன் 1919-இல் முப்பது சீட்டு வித்தைகள் கொண்ட ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் ஒரு வித்தையின் பெயர் 'டிரெயிலிங் த டவ்டெயில் ஷஃபிள் டு இட்ஸ் லேர்'. கோத்துக் கலைத்த கட்டை அதன் பொந்துவரை துரத்திப் போவது என்று சொல்லலாம். அடிப்படை மேலே பார்த்ததுதான். ஒரு முறை கோத்தால் அதிகம் போனால் 2 ஏறுவரிசை, இரண்டு முறைக்கு 4, மூன்று முறைக்கு 8. எட்டு வரிசைகளுக்குள் அடங்காமல் ஒரு சீட்டு மட்டும் தப்பி நின்றால் அதுதான் இடம் மாற்றப்பட்ட சீட்டு. ஏறக்குறைய அதே காலத்தில் வில்லியம்ஸ் என்ற இன்னொருவரும் இதே எண்ணத்தில் வித்தை செய்திருக்கிறார்.

1992-இல் டேவ் பேயரும் டயகோனிஸும் ஒரு கணித ஆய்விதழில் எழுதிய கட்டுரைக்கு ஜோர்டனின் அந்தத் தலைப்பையே அப்படியே வைத்தார்கள். 52 சீட்டுக்கட்டை எத்தனை முறை கோத்துக் கலைத்தால் போதும் என்பது கேள்வி. முற்றிலும் கலையாத நிலைக்கு 1, பூரணமாகக் கலைந்த நிலைக்கு 0 என்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டால், நான்கு முறை கலைத்தும் அளவு 1-ஐ விட்டு அசைந்த மாதிரியே தெரிவதில்லை. ஐந்தாவதில் 0.924, ஆறாவதில் 0.614, ஏழாவதில் 0.334. பத்தாவதில்தான் 0.043. ஏழு முறை கலைக்க வேண்டும் என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் அடிபட்ட செய்தி இதிலிருந்து வந்தது. மூன்று முறை மட்டும் கலைத்த கட்டில் ஜோர்டனின் உத்தியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 84 தடவை சீட்டைச் சரியாகப் பிடித்தது.

இன்னொரு கணக்கு காகிதமே இல்லாமல் போடலாம். ஐந்து முறை கலைத்தால் அதிகபட்சம் 32 ஏறுவரிசை. கட்டு அப்படியே தலைகீழாக நிற்க 52 ஏறுவரிசை வேண்டும், சீட்டுக்கு ஒன்றாக. ஆகவே ஐந்து கலைப்பில் எந்த மகா கையாலும் அந்த நிலைக்குப் போக முடியாது. ஆறாவது வேண்டும்.

டயகோனிஸ் 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி டாய் வெர்னன் என்ற சீட்டு மேதையோடு ஊர் ஊராகப் போனவர். பிறகு நிகழ்தகவு பற்றிய கடினமான ஒரு புத்தகத்தைப் படிக்க ஆசைப்பட்டு, அது புரிவதற்காகவே இரவுக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தார். ஹார்வர்டில் இடம் கேட்டபோது பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், அவரும் வித்தைப் பிரியர். கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்த புள்ளியியல் பேராசிரியர் மோஸ்டெல்லரும் வித்தைப் பிரியர். கோழிப் பண்ணையில் தோன்றிய ஒரு யோசனை எழுபது வருஷம் எப்படி உயிரோடு இருந்தது என்பதற்கு எனக்குக் கிடைக்கிற விடை இதுதான். காசு வாங்கி ஆடுகிறவர்களைவிட, ஆசைக்குப் பழகி ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டே இருந்தவர்கள் அதிகம் கைமாற்றியிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் சூதாட்ட விடுதிக்கான சீட்டுக் கலைக்கும் இயந்திரம் ஒன்றைப் பரிசோதிக்க டயகோனிஸ் குழுவைக் கூப்பிட்டார்கள். இயந்திரம் ஒரே சுற்றில் கலைத்த கட்டிலிருந்து சீட்டைத் திறந்துகொண்டே போய், அடுத்தது எது என்று ஊகித்தால் 52-இல் சராசரி ஒன்பதரை சரியாக வந்தது. நன்றாகக் கலைந்த கட்டில் நாலரைதான் வர வேண்டும். இயந்திரத்தையே மண்ணைக் கவ்வவைத்த இந்த மிச்ச வரிசை சித்தப்பாவின் கைக்கு முன்னால் நிற்கவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை.

இரண்டு பேர், இரண்டு விதம்

முதல் தோல்விக்கு அடுத்த வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு. நான் தரையில் சீட்டைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா பண்றீங்க?" என்றான். எனக்கோ யாரிடமாவது சொல்லியாக வேண்டும். 16 துண்டுக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு மேலே எழுதியதையெல்லாம் முழுசாக விளக்கினேன். கவனமாகக் கேட்டான். 14 தனியாக நின்றபோது தலையை ஆட்டினான்.

"இவ்வளவுதானா மாமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டால் பாதி மறந்திருந்தது. வகுப்பில் நண்பர்களிடம் செய்து காட்டப் போய், செய்வதற்கு முன்னாலேயே "இதுல ரெண்டு வரிசை இருக்கும், பாரு" என்று ஆரம்பித்திருக்கிறான். யாரும் நின்று பார்க்கவில்லை. தப்பு அவனுடையதே அல்ல. அவனை நான் ஒரு தடவைகூட ஆச்சரியப்படுத்தவில்லை. விடுகதை போடாமலே விடையைச் சொல்லிவிட்டு, ஏன் சிரிக்கவில்லை என்று கேட்ட மாதிரி.

ஜோர்டனின் 50 சென்ட் குறிப்பு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் ரகசியத்தை யாருக்கும் மறுக்கவில்லை, இரண்டரை டாலருக்கு ஊருக்கே விற்றார். ஆனால் முதலில் உன் வீட்டு மேசையில், உன் கையால் கலைத்த கட்டில் நீ ஏமாந்து பார் என்றார். ஏமாந்தவன் இரண்டு டாலர் கொடுப்பான். கொடுத்தவன் அந்த விளக்கத்தாளை மேசைக்கடியில் போட்டுவிட்டு மறக்கமாட்டான், ஏனென்றால் அவனிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது.

ரகசியத்தைக் காப்பது பற்றி வித்தைக்காரர்களுக்குள் நெடுநாள் சண்டை உண்டு. லண்டனில் 1905-இல் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் சங்கத்தின் முழக்கமே ரகசியத்தை வெளியே சொல்லாதவர் என்ற பொருளுடைய லத்தீன் தொடர். அதன் முதல் தலைவர் டேவிட் டெவன்ட், தன் சொந்த வித்தைகளின் விளக்கத்தைப் பொதுப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டதற்காக அதே சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். பிறகு சேர்த்துக்கொண்டார்கள் என்பது வேறு. தானே கண்டுபிடித்ததைச் சொல்ல உரிமை இல்லையா என்று டெவன்ட் பக்கம் பேசத் தோன்றுகிறது. அதே நேரம், காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர் அத்தனை பேரும் அந்த வித்தைகளை முதலில் பார்த்து வாய் பிளந்திருப்பார்களா என்றும் தோன்றுகிறது. என் அக்கா மகனைப் போல் எத்தனை பேர் 'இவ்வளவுதானா' என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

சொல்லலாமா கூடாதா என்பதில் இப்போது எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டேன். படிக்கிறவர்களில் சிலரை இதனால் நான் கெடுத்திருக்கிறேன் என்பதும் தெரியும். ஆனால் வீட்டில் ஒருவருக்குச் சொல்லித் தருவதானால் இனிமேல் முதலில் செய்து காட்டாமல் வாயைத் திறப்பதில்லை.

இரண்டாவது கவர்

சித்தப்பாவின் கையை மாற்ற முடியாது. கடிதத்தை மாற்றலாம். கோத்துக் கலைக்கத் தெரியாதவரிடம் 'கலைக்கவும்' என்ற சொல்லே கூடாது என்று முடிவு செய்து இப்படி எழுதினேன்:

"கட்டை ரெண்டு மூணு தடவை வெட்டுங்க. அப்புறம் ரெண்டாப் பிரிச்சு மேசையில பக்கத்துல பக்கத்துல வைங்க. எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கத்து மேல் சீட்டைக் கவுத்தபடியே எடுத்து நடுவுல போட்டுக்கிட்டே வாங்க. ஒண்ணு எடுக்கலாம், அதே பக்கம் தொடர்ந்து நாலும் எடுக்கலாம், உங்க இஷ்டம். ஒவ்வொண்ணா மட்டும் போடுங்க. ரெண்டு பக்கமும் தீர்ந்ததும் மறுபடி வெட்டுங்க."

இது மெதுவாகச் செய்யப்பட்ட கோத்துக் கலைப்பு, வேறொன்றுமில்லை. மேலிருந்து எடுத்துப் போடுவதால் இரண்டு வரிசையும் தலைகீழாகும். அதனால் துண்டுகள் துண்டுகளாகவே இருப்பதற்குப் பங்கம் இல்லை. இதில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று கிடைத்தது. எந்தச் சீட்டு எப்போது விழ வேண்டும் என்பதை அவரே ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கிறார். சரசரவென்று கலைப்பதைவிட இது இன்னும் சுதந்திரமாகத் தெரிகிறது. சித்தப்பா பிற்பாடு சொன்னார், வேண்டுமென்றே இடப் பக்கத்திலிருந்து ஏழு சீட்டை ஒரே மூச்சாகப் போட்டாராம், என்னைக் குழப்ப.

எட்டு நாள் கழித்துக் கவர் வந்தது. 27 சீட்டு. கதவைச் சாத்திக்கொண்டு பரப்பினேன்.

கிளாவர் ராஜா, ஆட்டின் 3, இஸ்பேட் 6, டைமன் 9 என்று தொடங்கி ஆட்டின் ராஜா வரை இடைவெளியில்லாமல் 14 சீட்டு. பிறகு ஆட்டின் 10, இஸ்பேட் ராஜா, டைமன் 3 என்று கிளாவர் 4 வரை 12 சீட்டு. கையில் மிச்சம் ஒன்று. அது இரண்டு துண்டில் எதன் நுனியிலும் ஒட்டவில்லை. இஸ்பேட் 9.

உடனே கூப்பிடவில்லை. இதுவும் முதல் தடவை செய்யத் தவறியது. அன்றைக்குக் கவரைப் பிரித்த கையோடு பரபரத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை ஒரு போஸ்ட் கார்டில் 'இஸ்பேட் 9' என்று மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டேன். தபாலில் போன கேள்விக்குத் தபாலில்தான் பதில் போக வேண்டும் என்று தோன்றியது. தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவருக்கு அது கூடுதலாக உறைக்கும் என்ற கணக்கும் இருந்தது.

நாலாம் நாள் காலை ஆறரைக்கு போன்.

"டேய், கவரை நான்தானே ஒட்டினேன்?"

"ஆமா சித்தப்பா."

"பாதிக் கட்டு இங்கதானே இருக்கு?"

"அங்கதான் இருக்கு."

வைத்துவிட்டார். மறுபடி எட்டு மணிக்குக் கூப்பிட்டார். சீட்டின் முதுகில் குறி போட்டிருக்கிறேன் என்பது அன்றைய முடிவு. பூதக்கண்ணாடி வைத்து 25 சீட்டையும் பார்த்து, மறுநாள் அதைத் தானே தள்ளுபடி செய்தார். அடுத்தது சித்திமேல் சந்தேகம், நான் போனில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று. சித்தி அவரோடு ஒரு நாள் பேசவில்லை. மூன்றாவது வாரம் எடையில் வந்து நின்றார்: எந்தச் சீட்டு போயிருக்கிறது என்பதை மையின் எடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று தன் பழைய சகா ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். தவறு என்றாலும் அழகான யோசனை. முழு விளக்கத்தையும் பத்து நிமிஷத்தில் கேட்டு முடித்த அக்கா மகன் இந்த வித்தையைப் பற்றி யோசித்த நேரத்தைவிட, ஒன்றுமே தெரியாத சித்தப்பா இருபது மடங்கு யோசித்திருப்பார்.

போன ஞாயிறு நானே மனம் இளகி, "சொல்லிடட்டுமா சித்தப்பா?" என்றேன்.

"வாயைத் திறந்தே, அப்புறம் பேசமாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொரு கட்டு அனுப்பு. இந்தத் தடவை பிரிச்சதும் வெட்டப் போறதில்லை. முதல்ல வரிசையா விரிச்சு ஒரு தடவை பார்க்கப் போறேன்" என்றார்.

கருப்பு, சிவப்பு, கருப்பு, சிவப்பு. நாலாவது சீட்டிலேயே பிடித்துவிடுவார். மூன்றைக் கூட்டும் வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிறமும் எண்ணும் எந்த ஒழுங்கிலும் வராத 52 சீட்டை இப்போது மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். நேற்றிரவு வரை 31 ஆகியிருக்கிறது.